தெருவுல படுத்துக்கெடக்குற மிலிட்டரிக்காரருக்கு ஊரா சேர்ந்து என்ன செய்யலாம்?

கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான். வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் ஒரு கிராமம், அங்க மிலிட்டரில இருந்து வந்த ஒருத்தர், வயசு 60க்கு மேல இருக்கும், பொண்டாட்டி புள்ளைங்க பிரிஞ்சு போய் வருஷக்கணக்காச்சு, வீடு இடிஞ்சு போச்சு, இப்ப பஸ் ஸ்டாப்லயும் கோயில் மண்டபத்துலயும்தான் படுக்கை, தனக்குத்தானே இந்தில பேசிக்குறாரு, சில நாள் ராத்திரி கத்துறாரு. போலீஸ் ஸ்டேஷன்ல போய் சொன்னா "குடும்பத்துக்காரங்கள கூட்டிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஊர்ப் பசங்க காசு வசூல் பண்ணி ஏதாவது ஹோம்ல விட்டுடலாமான்னு பேசிக்கிறாங்க, இது சரியான்னு கேக்குறாரு.

நான் ஆர்மி மெடிக்கல் கோர்ல நர்சிங் அசிஸ்டென்டா இருந்து பென்ஷன் வந்தவன், மிலிட்டரி ஆஸ்பத்திரில சைக்யாட்ரி வார்டு டூட்டியும் பார்த்திருக்கேன், இப்ப முன்னாள் படைவீரர் சங்கத்துல இந்த மாதிரி ஆளுங்களுக்கு பேப்பர் வேலை பாத்துக் குடுக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த ஹோம் யோசனைய கொஞ்சம் நிறுத்தி வைங்க. பசங்க மனசு நல்ல மனசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவர ஒரு வேன்ல ஏத்தி எங்கயோ விட்டுட்டா அவர தெரிஞ்ச ஆளு, அவரு பேரு சொல்லி கூப்பிடுற ஆளு, அவரு எந்த ரெஜிமென்ட்னு ஞாபகம் வச்சிருக்குற கிழவர், எல்லாத்தையும் விட்டு அறுத்து எடுத்துட்டுப் போற மாதிரி ஆயிடும். அங்க போனதும் அவரு "பேர் தெரியாத ஆண், வயசு சுமார் 65" அவ்வளவுதான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடில ஒரு மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலில கட்டிப்போட்டிருந்த 28 பேர் எரிஞ்சு செத்தாங்க, அதுக்கப்புறம்தான் இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் கெடுபிடி வந்துச்சு. நல்ல இல்லங்களும் நம்ம பக்கம் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கா, டாக்டர் வராரா, உள்ள போனவரு வெளிய வர வழி இருக்கான்னு பாக்காம யாரையும் விடாதீங்க. அது கடைசி கட்டம். முடி வெட்டி குளிப்பாட்டி வீடியோ போடுறதையும் பண்ண வேணாம்னு பசங்ககிட்ட சொல்லுங்க. அந்த வீடியோ அவரு மவ, மருமவன் வீட்டு போனுக்கும்தான் போகும், அப்புறம் அவங்க திரும்பி வரணும்னு நெனச்சாலும் வெக்கத்துல வர மாட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். தெருவுல இருக்குற மத்தவங்களுக்கும் மிலிட்டரிக்காரருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. இவரு பேரு எங்கயோ ஒரு ரிஜிஸ்டர்ல பத்திரமா இருக்கு. அவரு எந்தத் தேதில சேர்ந்தாரு, எங்க இருந்தாரு, என்ன மெடிக்கல் கேட்டகரில வெளிய வந்தாரு, பொண்டாட்டி பேரு என்ன, எல்லாமே ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கும். அந்த ரிஜிஸ்டருக்கும் மண்டபத்துல படுத்திருக்குற இவருக்கும் நடுவுல இருந்த கயிறு அறுந்து போயிருக்கு, அத புடிச்சு முடிச்சு போட ஒரு ஆள் வேணும், அந்த ஆளு ஒரு வருஷமாவது கூட நிக்கணும். ஊர் செய்ய வேண்டிய உதவின்னு நான் சொல்றது இதத்தான். சோறு எப்படியும் நம்ம ஊர்ல யாராவது போட்டுடுவாங்க.

அதனால முதல் வேலை, அவரோட ஆர்மி நம்பர். பேரு கேட்டா மாத்தி மாத்தி சொல்லலாம், வயசு தெரியாம இருக்கலாம், ஆனா நம்பர் மறக்காது, ரெக்ரூட்டா இருக்கும்போது ராத்திரி பகலா கத்திக் கத்தி உள்ள இறங்கினது அது. காட்பாடி ஸ்டேஷன் வெளிய ஒருத்தர் இருந்தாரு, யாரு என்ன கேட்டாலும் பதில் கிடையாது, பிச்சைக்காரர்னுதான் எல்லாரும் நெனச்சிட்டிருந்தாங்க. எனக்கு கண்ணுல பட்டது அவரு கம்பளி. கிழிஞ்ச கம்பளிதான், ஆனா மூலைக்கு மூலை சேர்த்து நாலா மடிச்சு தலைமாட்டுல வச்சிருந்தாரு, பேரக்ல கட்டில் மேல வைப்போமே அதே மடிப்பு. பக்கத்துல உக்காந்து டீ வாங்கிக் குடுத்து, ரெண்டு மூணு நாள் சும்மா போய் வந்து பழகிட்டு, ஒரு நாள் இந்தில "நம்பர், ரேங்க், நாம்?"னு மெதுவா கேட்டேன். எழுந்து நின்னுட்டாரு. நம்பர், கடைசில வர்ற அந்த இங்கிலீஷ் எழுத்தோட சேர்த்து, நாயக், பேரு, மூணும் தடையில்லாம வந்துச்சு. அத வச்சு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினதுல ஊரு தெரிஞ்சுது, அவரு பென்ஷன்காரர்னும் தெரிஞ்சுது, உயிரோட இருக்காருன்னு காட்டுற லைஃப் சர்டிபிகேட் குடுக்காததால பணம் நின்னு போயிருந்துச்சு. ஆதார் எடுத்து, பேங்க் கணக்க உயிர்ப்பிச்சு, எல்லாம் முடிய மாசக்கணக்காச்சு, ஆனா நிலுவையோட வந்துச்சு.

உங்க ஊர்க்காரருக்கும் இத செய்யுங்க. கேக்குறது யாருன்றது முக்கியம், அதே ரெஜிமென்ட்ல இருந்து பென்ஷன் வந்த ஒரு ஆள கூட்டிட்டுப் போங்க, கணியம்பாடி பக்கம் அதுக்கா பஞ்சம், பக்கத்துலயே கம்மவான்பேட்டை இருக்கு, ராணுவப்பேட்டைன்னே பேரு வாங்கின ஊரு. கும்பலா போய் நிக்காதீங்க, குடிச்சிருக்குற நேரத்துல போகாதீங்க. நம்பர் கிடைக்கலன்னா பழைய வீட்டு டிரங்கு பெட்டி, அண்ணன் தம்பி வீடு, பழைய பேங்க் பாஸ்புக், எங்கயாவது டிஸ்சார்ஜ் புக்கோ பிபிஓவோ (பென்ஷன் உத்தரவு) இருக்கான்னு தேடுங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், எம்இஜின்னா (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) பெங்களூர், ஆர்ட்டிலரின்னா நாசிக், இஎம்இன்னா (வண்டி, மெஷின் ரிப்பேர் பாக்குற பிரிவு) செகந்திராபாத், சிக்னல்ஸ்னா ஜபல்பூர், அங்கதான் ரெக்கார்ட் ஆபீஸ். நேரா நீங்க எழுதுறத விட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமா எழுதினா பதில் வரும்.

இதுல நம்ம ஜில்லாவுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. பழைய டிஸ்சார்ஜ் புக்ல எல்லாம் "வட ஆற்காடு"ன்னுதான் இருக்கும். 1989ல திருவண்ணாமலை தனியா போச்சு, 2019ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டும் பிரிஞ்சுது, அதனால அவரு சொந்த ஊரு இப்ப எந்த மாவட்டத்துல வருதுன்னு முதல்லயே பாத்துக்கோங்க, இல்லன்னா இங்க போ அங்க போன்னு அலைய வேண்டியதா போயிடும். அதோட ஆதார்ல ஒரு பேரு, டிஸ்சார்ஜ் புக்ல ஒரு பேரு, இனிஷியல் அப்பா பேரா விரிஞ்சு கெடக்கும், பிறந்த தேதி வேற இருக்கும். ஸ்பர்ஷ்ல (மிலிட்டரி பென்ஷனுக்கான ஆன்லைன் முறை) எல்லாம் ஒண்ணா இல்லன்னா ஏத்துக்காது. இத திருத்துற வேலைதான் ரொம்ப நாள் இழுக்கும், பொறுமை இருக்குற ஒரு ஆளுகிட்ட குடுங்க.

பணம் என்ன வரும்னு கேப்பீங்க. 15 வருஷ சர்வீஸ் முடிச்சிருந்தா ஜவானுக்கு சர்வீஸ் பென்ஷன் உண்டு, பென்ஷன் இருந்தா ஈசிஹெச்எஸ்ல (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) வைத்தியமும் உண்டு, வேலூர்லயே பாலிகிளினிக் இருக்கு (அது ஆரம்பிச்ச 2003 ஏப்ரலுக்கு முன்னாடி வந்தவங்க பலபேர் ஈசிஹெச்எஸ்ல சேராமயே விட்டிருப்பாங்க, கேட்டுப் பாருங்க). 15 வருஷத்துக்கு முன்னாடியே மனநோய்னு மெடிக்கல் போர்டு வச்சு, வேலைக்குத் தகுதியில்லன்னு இன்வாலிட் பண்ணி அனுப்பியிருந்தா அது வேற கதை. அந்த நோய் சர்வீசால வந்ததா, சர்வீசுல அதிகமாச்சான்னு பாத்துதான் டிஸெபிலிட்டி பென்ஷன் குடுப்பாங்க, பழைய காலத்துல நெறைய பேருக்கு "சம்பந்தமில்ல"ன்னு ஒரு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 2013ல சுப்ரீம் கோர்ட், சேரும்போது நோய் இருந்ததா பதிவு இல்லன்னா சர்வீசுலதான் வந்ததுன்னு எடுத்துக்கணும்னு சொல்லிச்சு. ஆனா 2019ல சிஸோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) கேஸ் ஒண்ணுல எதிரா தீர்ப்பு வந்துச்சு, அப்புறம் 2025 மே மாசம் அதே நோய்ல வெளிய வந்த ஒரு ஜவானுக்கு, மெடிக்கல் போர்டு காரணமே எழுதலன்னு சொல்லி பென்ஷன் குடுக்க உத்தரவு போட்டாங்க. அதனால கண்டிப்பா கிடைக்கும்னு எவனாவது கமிஷன் பேசிட்டு வந்தா நம்பாதீங்க, ஆனா முயற்சி பண்ண வேண்டிய விஷயம், சென்னைல ஆயுதப்படை தீர்ப்பாயம் பெஞ்ச் இருக்கு. பென்ஷனே இல்லாதவரு, ஹவில்தாரோ அதுக்குக் கீழ் ரேங்கோ, வயசு 65 தாண்டிருச்சுன்னா கேந்திரிய சைனிக் போர்டு (மத்திய அரசோட முன்னாள் படைவீரர் நல வாரியம்) மூலமா மாசாமாசம் உதவித்தொகை உண்டு, 4,000 ரூபாயா இருந்தத 2025 நவம்பர்ல இருந்து 8,000 ஆக்கியிருக்காங்க, அந்த மனுவும் மாவட்ட நல அலுவலகம் வழியாத்தான் போகணும்.

பேப்பர் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், வைத்தியத்துக்கு அது முடியுற வரைக்கும் காத்திருக்க வேணாம். ஸ்டேஷன்ல குடும்பத்த கூட்டிட்டு வான்னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல, 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 100ஆவது பிரிவ எடுத்துட்டுப் போங்க. மனநோயோட அலையுறவர், தன்னைத்தானே பாத்துக்க முடியாத நிலைன்னா அவர பாதுகாப்புல எடுக்குறது அந்த ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோட கடமை, 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து அரசு ஆஸ்பத்திரில பரிசோதனைக்கு சேக்கணும், லாக்கப்ல வைக்கக் கூடாது, வீடில்லாதவரா இருந்தா காணாமப் போனவர்னு எஃப்ஐஆர் போட்டு குடும்பத்த தேடுறதும் அவங்க வேலைதான். எழுத்துல மனு குடுங்க, ஊராட்சித் தலைவர் கையெழுத்தோட. சண்டை போட வேணாம், பலருக்கு இந்தப் பிரிவே தெரியாது, தெரிஞ்சா உதவி பண்ற இன்ஸ்பெக்டர்கள நான் பாத்திருக்கேன். அங்கயும் நகரலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள்ல குடுங்க. வீடில்லாதவங்களுக்கு, ஏழைங்களுக்கு, கையில கார்டு இருக்கோ இல்லையோ மனநல வைத்தியம் இலவசமா குடுக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு.

உங்களுக்கு பக்கம் அடுக்கம்பாறை அரசு மெடிக்கல் காலேஜ்தான். கையெழுத்து போட சொந்தக்காரங்க யாரும் இல்லன்னாலும் சட்டத்துல வழி இருக்கு, மனநோயாளிங்களுக்காக வேலை செய்ற பதிவு பண்ண அமைப்பு ஒண்ணோட ஆளு தற்காலிகமா பொறுப்பு எடுத்துக்கலாம். பாகாயம் சிஎம்சி மனநல மையம் 1957ல இருந்து இருக்கு, அங்க பேஷன்டோட குடும்பமும் கூடவே தங்கி வைத்தியத்துல சேர்ந்துக்குற முறை, அதனால யாராவது அண்ணன் தம்பி, தங்கச்சி கூட தங்க முன்வந்தா அது ரொம்ப நல்ல இடம். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், தமிழ்லயே பேசலாம்.

ஒரு எச்சரிக்கை, தயவு செஞ்சு கவனமா படிங்க. அவரு தினமும் குடிக்கிறவரா இருந்தா, ஒரு ரூம்ல பூட்டி வச்சு குடிய நிறுத்திடலாம்னு யாரும் இறங்காதீங்க. பல வருஷமா குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாள்லயே பிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல கை கால் உதறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சு, ஜுரம் ஏறி உயிரே போகலாம். ஆஸ்பத்திரில மருந்து குடுத்து, தையமின் ஊசி போட்டு நிறுத்த வேண்டிய விஷயம் அது. அதே மாதிரி "பைத்தியம்"னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி சர்க்கரை, தைராய்டு, பி12, தலையில அடிபட்ட தழும்பு, டிபி எல்லாம் பாக்கச் சொல்லுங்க, அறுபது எழுபது வயசுல மறதி நோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மாத்திரை ஒழுங்கா போட மாட்டாருன்னு பயம் இருந்தா ரெண்டு வாரமோ நாலு வாரமோ ஒரு தடவை போடுற ஊசி இருக்கு, தெருவுல இருக்குறவங்களுக்கு அது பெரிய வரம், டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.

அவரு பொண்டாட்டி புள்ளைங்கள பத்தி ஊர்ல என்ன பேசுறாங்கன்னு எனக்குத் தெரியும், "பென்ஷன் வந்தப்ப இருந்தா, பைத்தியமானதும் ஓடிட்டா". அத முதல்ல நிறுத்துங்க. பதினாறு பதினெட்டு வருஷம் வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவுல மட்டும் பாத்த ஆளு, முப்பத்தெட்டு வயசுல பெட்டியோட வந்து நிக்கிறாரு, ராத்திரில தூங்கல, சந்தேகப்படுறாரு, கேன்டீன் ரம் தீர்ந்தா கடைக்குப் போறாரு, அடிக்கிறாரு. அந்த அம்மா எத்தனை வருஷம் தாங்கினாங்கன்னு யாருக்குத் தெரியும். ஒரு வீட்டுல பையன் எங்ககிட்ட சொன்னான், "நைனா மேல கோவம் இல்ல சார், நைனா வந்தா அம்மா தூங்க மாட்டாங்க, இன்னா பண்றது"ன்னு. இத நோய்னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா அந்தக் குடும்பம் உடைஞ்சே இருக்காது. குடும்பத்த தேடுங்க, ஆனா திருப்பி தலையில கட்டுறதுக்காக தேடாதீங்க. அவருக்கு வைத்தியம் ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு, நிதானமான ஒரு பொம்பளை ஆளு மூலமா தகவல் மட்டும் சொல்லுங்க. அவரு பென்ஷன் திரும்ப ஓடினாதான் நாளைக்கு அந்த அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷனுக்கு சிக்கல் வராதுன்றதையும் சொல்லுங்க, அதுவும் அவங்க உரிமை.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு, முதல் உலகப்போருக்கு இங்க இருந்து 277 பேர் போனாங்க, 14 பேர் உயிர விட்டாங்கன்னு. போனவங்க கணக்கும் செத்தவங்க கணக்கும் கல்லுல இருக்கு, திரும்பி வந்தவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு எங்கயும் எழுதல. வீட்டுக்கு ஒருத்தர அனுப்புற நம்ம மாதிரி ஊருங்க அந்தக் கணக்க வச்சிக்கணும்னு நான் மனசார நம்புறேன்.

எப்படின்னா, ரொம்ப சாதாரண விஷயங்கதான். சிகிச்சை முடிஞ்சு வந்தா படுக்க பூட்டு போடுற ஒரு அறை, மண்டபம் வேணாம், சங்கத்துலயோ ஊர்லயோ வாடகைக்குப் பிடிக்கலாம், பென்ஷன் வந்ததும் அவரே குடுத்துக்குவாரு. வேலூர் டவுன்னா மாநகராட்சி இரவு தங்கும் விடுதி இருக்கு, ஆனா தெரிஞ்ச ஊர்லயே இருக்குறது மேல். மாத்திரைய காலைல டீக்கடைல வச்சு டீயோட சாப்பிட வைக்கிற ஒரு ஆளு. ஊசி தேதிய காலண்டர்ல குறிச்சு வைக்கிற ஒரு ஆளு. மிலிட்டரிக்காரருக்கு நேரம்னு ஒண்ணு இருந்தா பாதி குணம், காலைல கோயில் வாசல் கூட்டுறதோ, ஸ்கூல் கேட் திறக்குறதோ, ஏதாவது ஒரு வேலை குடுத்து, சம்பளமும் குடுங்க, சும்மா வாங்கிக்காதீங்க. துப்பாக்கி செக்யூரிட்டி வேலைக்கு மட்டும் அனுப்பவே அனுப்பாதீங்க.

ஏடிஎம் கார்டு யார் கையில இருக்குன்றது பெரிய விஷயம். நிலுவை மொத்தமா வந்த அன்னைக்கு இல்லாத சொந்தமெல்லாம் வரும், வட்டிக்கு விடுறவன் வருவான். அவரு தெளிவா இருந்தா கார்டு அவர்கிட்டயே இருக்கணும், அவரால முடியாதுன்னா ரெண்டு பேர் பொறுப்பு, நோட்டுல வரவு செலவு, மாசம் ஒரு தடவை சங்கத்துல எல்லார் முன்னாடியும் காட்டணும். இதுல கறாரா இல்லன்னா நல்லது செய்யப் போனவங்க மேலயே பழி வரும்.

சங்கத்து ஆளுங்களுக்கு ஒரு வேண்டுகோள். லைஃப் சர்டிபிகேட் வருஷம் ஒரு தடவை குடுக்கணும், குடுக்காதவங்க லிஸ்ட்ட ஊர் ஊரா எடுத்து அவங்க வீட்டுக்கு நேர்ல ஒரு தடவை போங்க. மறந்தவங்களும் இருப்பாங்க, படுக்கைல விழுந்தவங்களும் இருப்பாங்க (அவங்களுக்கு தபால்காரர் வீட்டுக்கே வந்து ஜீவன் பிரமாண், அதாவது டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட், எடுப்பாரு), ஒருத்தர் ரெண்டு பேர் கதவ சாத்திக்கிட்டு உள்ளயே கெடப்பாங்க. தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்கள புடிக்கிற இடம் அதுதான், கேன்டீனுக்கு வர்றது நின்னு போறதும் அதே மாதிரி ஒரு அடையாளம். இனிமே அக்னிவீர் பசங்களும் நாலு வருஷத்துல திரும்பி வருவாங்க, அதுல நாலுல மூணு பங்காவது வெளியதான், பென்ஷன் கிடையாது, ஈசிஹெச்எஸ் கிடையாது, வயசு இருபத்தி சொச்சம். அவங்க பேரையும் இப்பவே சங்கத்து நோட்டுல எழுதி வைங்க, எக்ஸ் சர்வீஸ்மேன் கணக்குல வரலன்னு தள்ளி வைக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, இதெல்லாம் நடக்கும்போது நடுவுல ஒரு நாள் அவரு காணாம போவாரு, அநேகமா போவாரு. மனசு விட்டுடாதீங்க. முதல்ல காட்பாடி ஜங்ஷன், அப்புறம் திருவண்ணாமலை கிரிவலப் பாதை, அன்னதானம் கிடைக்கும்னு நம்ம பக்கத்து ஆளுங்க அங்கதான் போய் சேருவாங்க. போட்டோ ஒண்ணு இப்பவே எடுத்து வச்சிக்கோங்க, தேடுறதுக்கு மட்டும். நம்பர் கிடைச்சதும் எந்த ரெக்கார்ட் ஆபீஸ், மனு எப்படி எழுதணும்னு கேளுங்க, நான் எழுதித் தரேன்.